வண்டி தண்ணீர் குடிக்கிறது: பழைய லாரியின் இன்டேக் பாதைக்குள் கூலன்ட் கசிவதைக் கண்டறிதல்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் லாரி உதிரிபாகம் விற்கும் கடையில் நிற்பவன் நான். ஒரே வண்டிக்கு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது முறையாக, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் கேட்டு ஒருவர் வந்தால், பெட்டியை எடுத்துக் கொடுத்துப் பில் போடுவது கடைக்கு லாபம்தான். ஆனாலும் எதற்காக மாற்றுகிறீர்கள் என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “வண்டி தண்ணி குடிக்குதுண்ணா.” ரேடியேட்டரில் நீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் விழவில்லை, ஆகவே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று யாரோ தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் சரியாகவே இருக்கும். ஆனால் நீர் சிலிண்டருக்குள் போவது உண்மையாக இருந்தும், போகிற வழி ஹெட் கேஸ்கெட்டாக இல்லாமல், எஞ்சின் மூச்சுவிடும் காற்றுக் குழாயாகவே இருக்கிற வண்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் ஹெட்டை எத்தனை முறை இறக்கி ஏற்றினாலும் நீர் குறைவது நிற்காது. அந்தக் கசிவை எப்படி அடையாளம் காண்பது என்பதை, எஞ்சின் வேலை தெரியாத வண்டி உரிமையாளருக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

டீசலை எரிக்கக் காற்று வேண்டும். அந்தக் காற்று ஏர் கிளீனரில் வடிகட்டப்பட்டு, டர்போ உள்ள வண்டியானால் அதில் அழுத்தப்பட்டு, இன்டர்கூலரில் சூடு தணிந்து, இன்டேக் மேனிஃபோல்டு என்னும் வார்ப்புக் குழாயை அடைந்து, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து செல்கிறது. இந்த முழு வழியையும் இன்டேக் பாதை என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் ஓடுவது வேறு வழி. வாட்டர் பம்பு தள்ளிவிட, அது பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றி வந்து, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி ரேடியேட்டரில் ஆறி, மீண்டும் பம்புக்கே திரும்புகிறது. இரண்டு வழிகளும் சில இடங்களில் ஒரு மெல்லிய உலோகச் சுவர் அல்லது ஒரு கேஸ்கெட் மட்டுமே நடுவில் இருக்கும் அளவுக்கு நெருங்கி ஓடுகின்றன. அந்தச் சுவர் அரித்தாலோ வெடித்தாலோ இரண்டும் கலக்கும்.

எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய கேள்வி. நம் ஊர்த் தெருக்களில் காவிரி நீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே புதைந்து கிடக்கின்றன. காவிரிக் குழாயில் விரிசல் இருந்தால், நீர் விடுகிற நேரத்தில் உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் நல்ல நீர் வெளியே கசிந்து வீணாகும். நீர் நிறுத்திய நேரத்தில் அழுத்தம் விழுந்துவிடுவதால் சாக்கடை நீர் உள்ளே ஊறும். விரிசல் ஒன்றுதான், திசை மட்டும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. லாரி எஞ்சினிலும் இதுவே நடக்கிறது.

டர்போ உள்ள லாரி முழுச் சுமையோடு கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் நோக்கி ஏறும்போது, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம், பட்டறையில் சொல்கிறபடி, (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கலாம். ரேடியேட்டர் மூடி கூலன்டுக்கு அனுமதிக்கும் அழுத்தமோ பெரும்பாலான வண்டிகளில் அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடைப்பட்டது. ஆகவே ஏற்றத்தில் காற்று கூலன்டுக்குள் புகுந்து, ரேடியேட்டரில் குமிழ் கிளம்பி, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக நீர் துப்பப்படும். இதைப் பார்க்கிற எவரும் ஹெட் கேஸ்கெட் என்றே சொல்வார்கள். அதே வண்டி எஞ்சின் ஓட ஐடிலில் நிற்கும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறக்குறைய இல்லை. கூலன்டோ சூடாகி அழுத்தத்தோடு நிற்கிறது. இப்போது திசை திரும்பி, நீர் காற்றுப் பாதைக்குள் ஊறத் தொடங்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு நிலைமை இன்னும் மோசம். பம்பும் விசிறியும் நின்றுவிட, இரும்பில் தேங்கிய சூடு கூலன்டுக்கு ஏறி, சிறிது நேரத்துக்கு அழுத்தம் முன்பைவிடக் கூடும். எக்ஸ்பான்ஷன் டேங்க் மேனிஃபோல்டை விட உயரத்தில் இருந்தால், எல்லாம் ஆறிய பிறகும் வெறும் உயரத்தின் பாரத்தால் சொட்டிக்கொண்டிருக்கும். டர்போ இல்லாத பழைய எஞ்சினில் கதை எளிது: அங்கே இன்டேக் பாதையில் அழுத்தம் ஒருபோதும் ஏறுவதில்லை என்பதால், ஓடினாலும் நின்றாலும் நீர் ஒரே பக்கமாகத்தான் போகும்.

எனவே தண்ணீர் குறைகிறது என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்போது குறைகிறது என்பதே. ஓடுகையிலா, இரவு நின்ற பிறகா? இதைக் கவனித்து வைத்திருக்கும் ஓட்டுநரிடம் பாதி நோய் கண்டறிதல் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பேன்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் நீர் இங்கே சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். 0.9 கிலோ மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் அந்தக் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும். சில ஓட்டுநர்கள் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினால் நீர் குறைவது மட்டுப்படுவதைக் கவனித்து, அதையே வைத்தியமாகக் கொள்கிறார்கள். அழுத்தம் இல்லாததால் கசிவு குறைவது உண்மைதான். ஆனால் அந்த வண்டி அடுத்த ஏற்றத்திலேயே கொதிக்கும். மூடியைத் தளர்த்தினால் கசிவு குறைகிறது என்பதைச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு தடயமாக எடுத்துக்கொள்வது நல்லது.

சரி, காற்றும் கூலன்டும் எங்கெங்கே நெருங்குகின்றன? இஜிஆர் உள்ள வண்டியானால் முதல் சந்தேகம் இஜிஆர் கூலர் மீது விழ வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுக்காக, சைலன்சருக்குப் போகும் எரிந்த வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி இன்டேக் பாதையில் கலக்கும் ஏற்பாடே இஜிஆர். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ்-4 என்னும் புகை விதி கட்டாயமானபோது சில தயாரிப்புகள் யூரியா கரைசல் வழியையும் சில இஜிஆர் வழியையும் எடுத்துக்கொண்டன. அதற்கு முந்தைய வண்டிகள் சிலவற்றிலும் இஜிஆர் உண்டு. பல நூறு டிகிரி சூட்டில் வரும் வாயுவை நேரே காற்றில் கலக்க முடியாது என்பதால், அது ஒரு சிறிய கூலருக்குள் நுழைந்து, சுற்றிலும் கூலன்ட் ஓடும் மெல்லிய குழாய்களின் வழியே ஆறி வருகிறது. ஒரு பக்கம் நெருப்பு, மறு பக்கம் நீர். ஒவ்வொரு நாளும் சூடேறி ஆறி, விரிந்து சுருங்கி, கடைசியில் உலோகத்தைப் பற்றவைத்து இணைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விடும். வாயு போகிற வழி மேனிஃபோல்டில் முடிவதால், கசிகிற கூலன்டும் அங்கேயே போய்ச் சேரும், அல்லது பின்னோக்கி எக்ஸாஸ்ட் பக்கம் இறங்கும்.

இரண்டாவது இடம் பலருக்கு நினைவுக்கே வராத ஒன்று: பிரேக்குக்குக் காற்று நிரப்பும் ஏர் கம்ப்ரசர். பல லாரிகளில் கம்ப்ரசரின் ஹெட் எஞ்சின் கூலன்டாலேயே குளிர்விக்கப்படுகிறது. அது உறிஞ்சும் காற்றும் தனி வடிகட்டி வழியாக வராமல், எஞ்சினின் இன்டேக் பாதையிலிருந்தே ஒரு குழாய் மூலம் எடுக்கப்படுகிறது. ஆகவே கம்ப்ரசர் ஹெட்டில் விரிசல் விட்டாலோ அதன் சின்னக் கேஸ்கெட் எரிந்தாலோ, வண்டி நிற்கும் நேரத்தில் கூலன்ட் அந்த உறிஞ்சு குழாய் வழியாகவே இன்டேக் பாதைக்கு வந்துவிடும். ஓடும்போது அதே பழுது கம்ப்ரசரின் 7, 8 கிலோ காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளும். சிறிதளவு கூலன்ட் பிரேக் காற்று டேங்குக்கும் போகும். அறிகுறிகள் மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பதால்தான் இது அகப்படாமல் தப்புகிறது.

மற்றவை சுருக்கமாக. சில பழைய பெரிய எஞ்சின்களில் டர்போவிலிருந்து வரும் காற்றைக் கூலன்டைக் கொண்டே ஆற்றும் ஆஃப்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும். அதன் குழாய் ஓட்டையானால் நீர் நேரே காற்றில்தான் விழும். கூலன்ட் ஓடும் டர்போவின் நடுப்பகுதி வெடிப்பதும், ஹெட்டில் இன்டேக் துளைக்கும் நீர்வழிக்கும் நடுவே விரிசல் விடுவதும் நடக்கக் கூடியவை, ஆனால் அரிது. லாரியின் முகத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் தெரியும் இன்டர்கூலர் மீது மட்டும் வீண் பழி வேண்டாம். நம் ஊர் லாரிகளில் பெரும்பாலும் அது காற்றைக் காற்றால் ஆற்றுவது. அதற்குள் கூலன்டே கிடையாது.

இனி அறிகுறிகள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி உதறி, ஓரிரு சிலிண்டர் பிடிக்காமல், வெள்ளைப் புகை விட்டுப் பிறகு சீராகும். வெள்ளைப் புகையில் மூன்று வகை உண்டு. டிசம்பர் மாதக் காலையில் சைலன்சரில் தேங்கிய ஈரம் ஆவியாக வருவது சில நிமிடங்களில் நின்றுவிடும். அதற்கு வாசனை இல்லை. எரியாத டீசல் புகையாக வந்தால் கண் எரியும், புகை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். அது இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டிய வண்டி. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் தொடர்வதும், லேசான தித்திப்பு வாடை கொண்டதுமே கூலன்ட் புகை. கூலன்ட் ஊற்றாமல் வெறும் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற வண்டியில் அந்த வாடையும் இருக்காது என்பதால், மூக்கை மட்டும் நம்புவதற்கில்லை.

இன்டேக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கூலன்டா, மழையில் ஏர் கிளீனர் வழியாக வந்த நீரா, குளிரில் வியர்த்த ஈரமா? எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். டர்போ வண்டியில் அது ஓரளவு இயல்பு. நீர் என்றால், ஒரு வெள்ளைத் தாளில் அதன் ஒரு சொட்டையும், பக்கத்தில் ரேடியேட்டரிலிருந்து எடுத்த ஒரு சொட்டையும் விட்டு நிழலில் உலர வையுங்கள். மழை நீர் ஏறக்குறைய தடமில்லாமல் உலரும். கடினமான போர் தண்ணீர் வெள்ளை வளையம் விடும். கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் கலந்த கூலன்ட் எளிதில் உலராது. விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், நிறமும் தாளில் தங்கும். பட்டறையில் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் இன்னும் எளிது: இரண்டு சொட்டுப் போதும், கிளைக்கால் எத்தனை விழுக்காடு என்று அது காட்டிவிடும். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், ஆனால் அது விஷம். பட்டறையில் சுற்றும் நாய்கள் சிந்திய கூலன்டை நக்கிச் சாவதும் அந்தத் தித்திப்பால்தான்.

ஈரம் கூலன்டே என்று உறுதியானால், அதன் பிறகு செல்ஃப் அடிக்கக் கூடாது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆறு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு ஒரு லிட்டர். கம்ப்ரஷன் விகிதம் 17 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 62 மில்லி மட்டுமே. இந்த ஊரில் இருவர் பகிர்ந்து குடிக்கும் பை-டூ காபியில் ஒருவர் பங்கு இருக்கிற அளவு. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. அதற்கு மேல் நீர் உள்ளே நின்றால் பிஸ்டன் ஏற இடமில்லாமல், கனெக்டிங் ராடு வளையும். கசிவு எவ்வளவு சிறியதாக இருந்தால் இது நேரும் என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு வீதம் மணிக்கு 720 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று கொண்டால் 36 மில்லி. இரண்டு மணி நேரம் போதும். மேனிஃபோல்டில் தேங்கிய நீர் முழுவதும் ஒரே சிலிண்டருக்குப் போவதில்லை என்பதால்தான் பல வண்டிகள் உதறலோடு பிழைத்துப் போகின்றன. உறுதி செய்துகொள்ள வேண்டுமானால், இன்ஜெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும்; நீர் இருக்கும் சிலிண்டர் துளை வழியாகத் துப்பும். துளைக்கு நேராக முகத்தை நீட்டாதீர்கள்.

சோதனை வரிசையில் நான் முதலில் சொல்வது காசு செலவில்லாதது. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது நீரை நிரப்பி, எக்ஸ்பான்ஷன் டேங்கின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். மாலை வண்டியை நிறுத்தி ஆறிய பின் ஒரு முறை, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு முறை என்று மூன்று நாள் அளவைக் குறித்து வையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து பார்க்கிற அவசரம் வேண்டாம். அப்படித் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா லாரி ஸ்டாண்டிலும் உண்டு. கூடவே வெளிக் கசிவையும் விலக்கிவிட வேண்டும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சின்னத் துளை, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் மேல் கீழ் டேங்குகள், பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்ட மூடிகள் ஆகியவற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், சூட்டில் உடனே உலர்ந்துவிடுவதால் சொட்டாகத் தெரியாத கசிவு அங்கே இருக்கிறது.

ஆயிலையும் இதே காலையில் பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியின் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் லேசாகத் தளர்த்தினால், நீர் ஆயிலை விடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருந்து முதலில் அதுவே வரும். ஆயில் மட்டுமே வந்தால் ஒரு பெரிய பயம் நீங்கியது. பால் விட்ட காபி போல் ஆயில் வெளுத்திருந்தால் கதை வேறு. அது ஆயில் கூலரிலோ லைனரிலோ தேட வேண்டிய பழுது.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டரின் வாயில் மூடிக்குப் பதிலாக, கேஜ் பொருத்திய ஒரு கைப் பம்பை மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அளவுக்கு, அதற்கு மேல் போகாமல், காற்று அடித்துவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுவதே அது. எஞ்சின் ஓடாமல் நிற்கும் நேரத்தில் கூலன்டுக்கு மட்டும் அழுத்தம் கொடுப்பதால், இரவு நேர நிலைமையைப் பகலில், பார்வைக்கு முன்னால் நடத்திக் காட்டுகிறது இது. டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸை அப்போது கழற்றி வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். செல்போனில் சொருகும் குழாய்க் கேமரா இருந்தால் வளைவுக்கு அப்பாலும் தெரியும். ஆறிய நிலையில் முள் இறங்காமல் நின்றால், எஞ்சினைக் கை பொறுக்கும் சூடு வரை ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடியும் செய்ய வேண்டும். சில விரிசல்கள் சூட்டில் மட்டுமே வாய் திறக்கும், சில ஆறினால் மட்டுமே.

முள் இறங்குகிறது, வெளியே சொட்டு இல்லை என்றால், ஒவ்வொரு பாகமாக விலக்கிப் பார்க்க வேண்டியதுதான். இஜிஆர் கூலருக்குப் போகும், வரும் கூலன்ட் ஹோஸ்கள் இரண்டையும் இடுக்கியால் நெரித்து அடைத்து, மீண்டும் அழுத்தம் ஏற்றுங்கள். முள் இப்போது அசையாமல் நின்றால் குற்றவாளி கிடைத்தான். நிற்கவில்லையா, அதை விட்டுவிட்டுக் கம்ப்ரசரின் ஹோஸ்களை அடையுங்கள். எஞ்சின் ஓடாததால் இந்தச் சோதனையில் எதுவும் சூடேறிக் கெட்டுப்போகாது. ஒரு மணி நேர வேலை. ஹெட்டை இறக்குவதோ குறைந்தது ஒரு நாள் வேலை, கேஸ்கெட் செட்டும் லேத்துக் கூலியும் தனி.

ரேடியேட்டரில் குமிழ் வருகிற வண்டிக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. இது பரவலாகத் தெரிந்திருந்தால் என் கடையில் கேஸ்கெட் விற்பனை குறைந்துவிடும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் ஒரு கண்ணாடிக் குழலில் நீல நிறத் திரவம் ஊற்றி, கூலன்டின் மேல் தேங்கும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். அந்தக் காற்றில் எரிந்த வாயுவின் கரியமில வாயு இருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். மாறினால் ஹெட் கேஸ்கெட், ஹெட் விரிசல், அல்லது இஜிஆர் கூலர். குமிழ் நிறைய வந்துகொண்டே இருக்க, நீலம் நீலமாகவே இருந்தால், வருவது சுத்தமான காற்று. அது எரிப்பு அறையிலிருந்து வரவில்லை. கம்ப்ரசரிலிருந்தோ டர்போ காற்றிலிருந்தோ வருகிறது என்று கொள்ளலாம். பிரேக் டேங்க் நிரம்பி அன்லோடர் வால்வு “புஸ்” என்று விடுகிற கணத்தில் குமிழும் குறைந்தால், கம்ப்ரசர் மீதான சந்தேகம் ஏறக்குறைய முடிவாகிவிடும்.

போன ஆண்டு பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து பெங்களூரு யஷ்வந்தபுரத்துக்கு ஜவ்வரிசி மூட்டை ஏற்றி வரும் பழைய ஆறு சிலிண்டர் டர்போ லாரி, உரிமையாளரே ஓட்டுநர். ஏற்றத்தில் நீர் துப்புகிறது, ஒவ்வொரு நடைக்கும் இரண்டு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது, காலையில் வெள்ளைப் புகை. ஒரு பட்டறையில் ஹெட்டை இறக்கி, லேத்தில் சமன் செய்து, புதுக் கேஸ்கெட் போட்டாயிற்று. இரண்டே வாரத்தில் பழைய கதை. அவர் இரண்டாவது கேஸ்கெட் கேட்டு வந்தபோது, கடைக்கு வந்திருந்த எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் பேச்சுக்குள் நுழைந்தார்.

“டேங்க்ல தண்ணி திறந்து விடறீங்களாண்ணா, தினமும்?”

“பிரேக் டேங்கா? கிளீனர் பையன்தான் விடுவான் தம்பி. தண்ணி வரும்தானே எப்பவும்.”

“என்ன கலர்ல வருது?”

அதை யாரும் பார்த்ததில்லை. வண்டியை வரவழைத்து, டேங்கின் அடி வால்வை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டம்ளருக்கு மேல் திறந்தார்கள். காற்றிலிருந்து படிந்த ஈரத்தோடு கம்ப்ரசர் ஆயில் கலந்து சாம்பல் நிறத்தில் வருவதே வழக்கம். அதன் அடியில் ரேடியேட்டர் கூலன்டின் பச்சை தெளிவாகத் தங்கியது. நீலத் திரவம் நிறம் மாறவில்லை. கம்ப்ரசரின் கூலன்ட் ஹோஸ்களை அடைத்ததும் பிரஷர் கேஜின் முள் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. கம்ப்ரசரின் ஹெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி வெயிலில் வைத்தார் மேஸ்திரி. சிறிது நேரத்தில் நீர்வழிக்கும் உறிஞ்சு வழிக்கும் குறுக்கே, அங்கிருந்து காற்று வெளியேறும் வழி வரைக்கும், தலைமயிர் பருமனில் ஈரக் கோடு ஒன்று வெள்ளைப் பொடிக்கு மேல் தானாகக் கிளம்பி வந்தது.

அந்த லாரியின் ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூளும் கிடந்தது. வழியில் யாரோ சொல்லிப் போட்டதாம். ரேடியேட்டரில் ஊசி முனை ஓட்டை இருந்தால் மஞ்சள் தூளோ கடையில் விற்கும் ஸ்டாப்-லீக் பொடியோ ஊருக்கு வந்து சேரும் வரை தாங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இன்டேக் பக்கக் கசிவில் அது விரிசலை அடைப்பதற்கு முன்னால் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். எதையாவது உள்ளே போட்டே ஆக வேண்டும் என்றால், நல்ல நிறமுள்ள கூலன்டையோ புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தையோ போடுங்கள். அவை கசிவை மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். பழைய வண்டிதானே என்று ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றுவதையும் இதோடு நிறுத்திக்கொண்டால், உப்புப் படிந்து சூடு தேங்கி இந்த விரிசல்கள் விழுவதே தாமதமாகும்.

பாகத்தை மாற்றிய பிறகும் உடனே கிளம்பிவிட முடியாது. மேனிஃபோல்டில் தேங்கிய கூலன்டைத் துடைத்து எடுத்து, இன்ஜெக்டர்கள் இல்லாமல் எஞ்சினைச் சுற்றிச் சிலிண்டர்களைக் காலி செய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். கிளைக்கால் ஆயிலோடு சேர்ந்தால் கெட்டியான களிம்பாகி பேரிங்குகளைத் தின்றுவிடும். வண்டி உதறிய காலைகள் அதிகமாக இருந்திருந்தால், ஒவ்வொரு இன்ஜெக்டர் துளையிலும் ஒரே கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் உயரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த ராடு ஏற்கெனவே வளைந்திருக்கிறது. கம்ப்ரசர் பழுதாக இருந்த வண்டியில் பிரேக் டேங்குகளையும் வால்வுகளையும் கூலன்ட் போகும் வரை சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. வால்வுக்குள் இருக்கும் ரப்பர் காற்றுக்காகச் செய்யப்பட்டது, கிளைக்காலுக்காக அல்ல.

யஷ்வந்தபுரம் வண்டிக்கு ராடு தப்பியது. டேங்கில் கோடு போட்டு அனுப்பினோம். இரண்டு நடை கழித்து ஒரு காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இன்டேக் ஹோஸைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். துணியில் கறுப்பு எண்ணெய்ப் பசை மட்டும் இருக்கிறதாம். நீர் கோட்டிலேயே நிற்கிறதாம். வாங்கி வைத்த இரண்டாவது கேஸ்கெட்டைப் பெட்டி பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன்.